கைதட்டல் வாங்கிய குரல்

அத்தியாயம் 6

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் ஒரு சவப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கியூபன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

"டேரியோ, எந்திரி. அது உக்கார்ற எடமா?"

"உள்ள ஆள் இல்லைன்னு தட்டிப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன், பாஸ்."

பாஸ் என்றால் ஒடெஸா ப்ரூட். வயது அறுபத்தொன்று. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்தே இருபத்தாறு வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஆர்லாண்டோவில் ஒரு சலூனுக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் துப்பறியும் பலகை மாட்டினார். பொய் சொல்கிறவனை அவன் வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார். கார் நிறுத்திய இடத்தை மட்டும் நான்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

அன்று நாங்கள் நின்றது சைப்ரஸ் ஹாலோ என்ற கேளிக்கைப் பார்க்கில், ‘ப்ளூ ஹெரான் மோட்டல்’ என்ற பேய் வீட்டுக்குப் பின்னால். அக்டோபரில் பேய் சீசன் வந்தால் எங்கள் ஊர் இளசுகளில் பாதிப்பேர் பேயாக வேலைக்குப் போய்விடுவார்கள். ஜூனியும் அப்படித்தான். இருபத்திரண்டு வயது. மோட்டலின் ஒன்பதாம் அறையில், முகமில்லாத பணிப்பெண் வேடம். வியாழக்கிழமை வேலைக்கு வந்தவள் வீடு திரும்பவில்லை. வேலை முடிந்து அவள் அட்டையைத் தேய்த்துவிட்டு வெளியேறியதாக வருகைப் பதிவு இயந்திரம் சொன்னது. வயது வந்த பெண், அம்மாவோடு சண்டை, கோபம் தணிந்தால் தானே வருவாள் என்று போலீஸ் கையை விரித்துவிட்டது. அதனால் அவள் அம்மா மார்வா எங்களிடம் வந்தார்.

மார்வா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சனிக்கிழமையும் பேருந்துச் சீருடையிலேயே வந்திருந்தார். மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை போல. நடிகர்கள் உடை மாற்றும் கூடாரத்தில், வரிசையாகத் தொங்கிய வெள்ளை ரப்பர் முகங்களுக்குக் கீழே அவர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அத்தனை முகத்திலும் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

"சண்டை எதுக்கு?" என்றார் ஒடெஸா.

"இந்த வேலைக்குத்தான். ராத்திரியெல்லாம் கத்தறது ஒரு பொழைப்பாடின்னு கேட்டேன். நீ ஒரு தடவை வந்து பாரு, அப்புறம் பேசுன்னா. நான் போகவே இல்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அவ வரலைன்னதும் நேத்து டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனேன். கோவத்துல எங்கயாவது தங்கிட்டு நேரா வேலைக்கு வந்திருப்பான்னு நெனச்சேன். அந்த முகமூடிப் பொண்ணுகிட்ட, ஜூனி வீட்டுக்கு வாடின்னேன். அது மூஞ்சிக்கு நேரா கத்துச்சு. அவ இல்லை, வேற யாரோ. அதுக்கப்புறம் எனக்கு முடியல. காதைப் பொத்திக்கிட்டு, கத்திக்கிட்டே ஓடி வெளிய வந்துட்டேன்."

"நேத்து நின்னது மாத்து ஆள்," என்றாள் பெட்டினா. அந்தப் பேய் வீட்டின் பொறுப்பாளர். இடுப்பில் வாக்கி-டாக்கி, கையில் ஒரு தடித்த நோட்டு. "ஜூனி வியாழக்கிழமை முழுக்க அவ எடத்துல நின்னா. நானே நாலு தடவை பாத்தேன். என் வீட்டுல நடக்கறது எல்லாம் இந்த நோட்டுல இருக்கு. வெளிய போனப்புறம் என்ன ஆச்சோ, அது எங்க கையில இல்லை."

கூடாரக் கம்பத்தில் ஒரு பெரியவரின் படம் மாட்டியிருந்தது. கறுப்பு நாடா. கீழே பலகையில் ரூட் பீர் சோடா டப்பாக்கள் நாலைந்து. தாகமாக இருந்ததால் ஒன்றை எடுக்கப் போனேன். பெட்டினா என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள்.

"அது வெண்டலுக்கு."

"வந்து குடிப்பாரா?"

"போன வருஷம் செத்துட்டாரு. இருபத்திரண்டு சீசன் இதே கட்டடத்துல அலமாரிக்குள்ள நின்னவரு. இது ஒண்ணுதான் குடிப்பாரு. பசங்க அவர் ஞாபகமா வைக்கறாங்க."

எச்சிலை விழுங்கிக்கொண்டு பின்வாங்கினேன்.

ஒடெஸா ஜூனியின் லாக்கரைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு ஃபோன், சார்ஜ் தீர்ந்து கிடந்தது.

"வேஷத்துல ஃபோன் கூடாது, பாஸ்," என்றேன். "அதனால லாக்கர்ல வெச்சிருப்பா."

"சரி. அட்டையைத் தேச்சு வெளிய போனவ இதை எடுத்துக்காம போவாளா?"

"இந்த வயசுல செருப்பை மறந்துட்டுப் போவாங்க. ஃபோனை மறக்க மாட்டாங்க."

"அப்ப அட்டையைத் தேச்சது அவ இல்லை." ஒடெஸா பெட்டினாவின் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை ஜூனி எப்படி வேலை பார்த்தா?"

பெட்டினாவின் முகம் கடுத்தது. நோட்டைப் புரட்டினாள். "கேவலமா. எட்டு ஐம்பது வரைக்கும் அருமை. அப்புறம் ஒன்பதாம் அறையில மூணு தடவை நெரிசல். ஆளுங்க திரும்பிப் பின்னாடி ஓடிட்டாங்க. வரிசையே நின்னு போச்சு. திட்டணும்னு இருந்தேன்."

"பின்னாடி ஓடினா என்ன தப்பு? பயந்தாங்கல்ல?"

"அய்யோ, பேய் வீட்டுல ஆளை எப்பவும் முன்னால துரத்தணும். இது முதல் நாள் பாடம். டேரியோ, அங்க நடந்து போங்க."

நடந்தேன். உடைகள் தொங்கிய கம்பிக்குப் பின்னாலிருந்து என் பிடரிக்கருகே பெட்டினாவின் கத்தல். சாண்ட்விச் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கூடாரத்தின் மறுகோடியில் போய்த்தான் நின்றேன்.

"பாத்தீங்களா? தானா அடுத்த அறைக்குப் போயிட்டாரு," என்றாள் பெட்டினா அமைதியாக. "எதிர்ல வந்து பயமுறுத்தினா வந்த வழியே ஓடுவாங்க. பின்னாடி வர்றவங்க மேல மோதுவாங்க. ஜூனிக்கு இது நாலாவது சீசன். அவ போய் இந்தத் தப்பைப் பண்ணலாமா? போதாததுக்கு அந்த கவுனோட முட்டியையும் கிழிச்சு வெச்சிருந்தா."

ஒடெஸாவின் இடது புருவம் மேலே போனது. அந்தப் புருவம் போனால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

"கவுனைக் காட்டு."

பணிப்பெண் கவுனின் கீழ்ப்பகுதியில், முட்டி வரும் இடத்தில் இரண்டு பக்கமும் துணி தேய்ந்து கருகியிருந்தது. இரும்பு உரசிய மாதிரி.

"பெட்டினா, முட்டியில இரும்பு கட்டிக்கிட்டு வேலை பார்க்கற பேய் யாராவது இருக்கா?"

"இங்க இல்லை. வெளிய பயத்தெருவுல இருக்காங்க. முட்டியில தகடு கட்டிக்கிட்டு, ஓடி வந்து தரையில சறுக்கி, காலடியில வந்து நிப்பாங்க."

"திறந்த தெரு. எந்தப் பக்கம் ஓடினாலும் கவலை இல்லை. எதிர்லயே வந்து பயமுறுத்தலாம்."

பெட்டினா கருகிய துணியைத் தடவிப் பார்த்தாள்.

"அதுல ஜூனியோட கவுனுக்குள்ள நுழையற அளவுக்கு ஒல்லி யாரு?"

"கோர்வின்," என்றாள் பெட்டினா மெதுவாக.

பயத்தெருவில் புகை இயந்திரங்களை அப்போதுதான் முடுக்கியிருந்தார்கள். வாசல் திறக்க இன்னும் ஒரு மணி நேரம். மேகம் கவிந்து, மழை பெய்து ஓய்ந்த தரையில் புகை முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடந்தது. ஒரு மனிதரும் இல்லாத தெருவில் ஒலிபெருக்கி மட்டும் யாரோ மூச்சு விடுவது போல் ஒலித்துக்கொண்டிருந்தது. பல தடவை போயிருக்கும் பார்க்தான், ஆனாலும் பாஸின் பக்கத்தில் ஒட்டியே நடந்தேன்.

புகைக்குள்ளிருந்து கிறீச்சென்று தீப்பொறி பறந்தது. காக்கை முகம் மாட்டிய ஒரு ஒல்லி உருவம் சறுக்கி வந்து என் காலடியில் நின்றது. அலறிவிட்டுப் பின்னால் ஓடினேன். அன்றைக்கு இரண்டாவது தடவை.

"அழகு," என்றார் ஒடெஸா. "அவனை எதிர்ப்பக்கமா ஓட விட்டுட்ட. வியாழக்கிழமையும் இப்படித்தான் பண்ணியா, கோர்வின்?"

காக்கை முகம் ஒரு எட்டு பின்வாங்கியது.

"முகத்தைக் கழட்டுப்பா. கழட்டாமலே பேசறதுன்னாலும் சரி. ஜூனியோட அம்மா அங்க உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு நீதான் பதில் சொல்லணும்."

கழற்றினான். இருபது வயது கூடத் தாண்டாத முகம்.

"பத்து நிமிஷம்னு சொன்னா மேடம். எனக்கு இடைவேளை. ‘என் எடத்துல நில்லு, நான் இப்ப வந்துடறேன்’ன்னா. அந்த வெள்ளை முகத்தையும் கவுனையும் கழட்டிக் குடுத்தா. ஷோ நடக்கறப்ப எடத்தை விட்டுப் போனா அன்னிக்கே வேலை போயிடும், அதான். வரவே இல்லை. நான் என்ன பண்றது? எடம் காலியா இருந்தா பெட்டினா வந்துடுவாங்க. கடைசி வரைக்கும் நானே நின்னேன். தெருப் புகையில நான் இல்லாதது யாருக்கும் தெரியாது."

"அட்டை?"

"கவுன் பாக்கெட்டுல இருந்துச்சு. அம்மாகூட சண்டைன்னு அழுதுட்டிருந்தா. ஓடிட்டான்னு நெனச்சேன். வேலையாவது மிஞ்சட்டுமேன்னு தேச்சுட்டேன்."

"போலீஸ் வந்தப்ப ஏன்டா சொல்லல?" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "ரெண்டு நாளா எல்லாரும் அவளை வெளிய தேடறாங்க!"

"சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடுமே அண்ணே. அவ திரும்பி வந்தா என்னைக் கொன்னுடுவா."

திரும்பி வந்தால். வருவாள் என்று அவனே நம்பவில்லை.

"போறப்ப கையில என்ன வெச்சிருந்தா?" என்றார் ஒடெஸா.

"ஒரு சின்ன டார்ச். அப்புறம் ஒரு ரூட் பீர் டப்பா."

முட்டி வலி என்று படிக்குப் படி முனகுகிற எங்கள் பாஸ் அன்று ஓடியதை நான் பார்த்தேன். கோர்வினும் நானும் பின்னால் ஓடினோம்.

"பெட்டினா! வெண்டல் நின்ன அலமாரி எங்க?"

"இப்ப இல்லையே. பழைய பொந்து அது, ரெண்டு சுவருக்கு நடுவுல. இந்த வருஷம் அதுக்கு முன்னாடி பதினொன்றாம் அறைச் சுவரை எழுப்பிட்டாங்க. பின்பக்கம் ஒரு சின்னப் பலகைக் கதவு மட்டும் இருக்கு. பசங்க அதுவழியா போய் டப்பா வெச்சுட்டு வந்தாங்க. ஆபத்துன்னு நான்தான் தடை போட்டு, இங்க பலகை அடிச்சுக் குடுத்தேன்."

"வெண்டல் எந்தத் தேதியில போனாரு?"

பெட்டினா படத்தைப் பார்த்தாள். "வியாழக்கிழமையோட ஒரு வருஷம்."

"பதினொன்றாம் அறையில இந்த வாரம் ஏதாவது புதுசா?"

பெட்டினாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. "அதுதான் இந்த சீசனோட வெற்றி! சவுண்டு ஆளுங்க சொல்லாமலே ஒரு வேலை பண்ணியிருக்காங்க. வியாழக்கிழமை கடைசியில சுவருக்குள்ள தட்டற சத்தம். நேத்து குரலே வந்துடுச்சு. ஜனங்க நின்னு கைதட்டறாங்க. பாருங்க, நேத்து வந்த கருத்து." ஃபோனை நீட்டினாள். "‘சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் அம்மா அம்மா என்று கூப்பிட்டாள், மயிர்க்கூச்செறிந்தது, ஐந்து நட்சத்திரம்.’"

"எத்தனை மணிக்கு எழுதியிருக்கு?"

"ஏழு ஐம்பத்தஞ்சு."

ஒடெஸா மார்வாவிடம் போய்க் குனிந்தார். "நேத்து டிக்கெட் இருக்கா?"

சீருடைப் பையிலிருந்து கசங்கிய டிக்கெட் வந்தது. பேய் வீட்டு வாசலில் கிழித்த நேரம் அச்சாகியிருந்தது. ஏழு நாற்பத்தாறு.

மார்வா உள்ளே இருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. ஒடெஸா பெட்டினாவின் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியைக் காட்டினார். "சவுண்டு ஆளைக் கேளு."

பெட்டினா பொத்தானை அழுத்தினாள். "பதினொன்றாம் அறைக் குரல்... நீங்க போட்டதுதானே?"

கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது. "நாங்களா? நீங்க ஆள் வெச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சோம். சூப்பரா பண்றா."

வாக்கி-டாக்கி பெட்டினாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது.

மார்வா எழுந்து நின்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

பேய் வீட்டின் எல்லா விளக்கையும் போடச் சொன்னார் ஒடெஸா. மூன்று மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இடியும் முனகலும் நின்றன. வெளிச்சத்தில் பேய் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள். ஒட்டுப்பலகையும் ஆணியும் ரப்பர்க் கையும்தான். ஆனால் அன்றைக்கு அந்த மௌனத்தில் ஒவ்வொரு பொம்மைப் பிணத்தையும் தாண்டும்போது, இது பொம்மைதானா என்று நான் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

பதினொன்றாம் அறை. குளியலறை மாதிரி பச்சை ஓடு ஒட்டிய சுவர், இருபதடி நீளம்.

"கூப்பிடுங்க," என்றார் ஒடெஸா.

"ஜூனி!" மார்வாவின் குரல் உடைந்தது. "ஜூனி, அம்மாடி!"

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டார். கோர்வின் சுவரில் காதை வைத்துக் கேட்டான். இல்லையென்று தலையை ஆட்டினான். மார்வா அப்படியே மடங்கி உட்காரப் பார்த்தார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த நான் தரையில் இருந்த, பயமுறுத்தும் கருவியை முடுக்கும் மிதியை மிதித்துவிட்டேன். குளியல் தொட்டிக்குள்ளிருந்து காற்று வெடித்துச் சீறியது.

மார்வா அலறினார். நாற்பது பிள்ளைகளைப் பேருந்துக்குள் ஒரே அதட்டலில் அடக்குகிற தொண்டை அது. அந்த அலறல் பன்னிரண்டு அறையிலும் போய் மோதித் திரும்பியது.

அது ஓய்ந்தபோது, சுவரின் வலது மூலையில், என் இடுப்பு உயரத்துக்கும் கீழே, காய்ந்துபோன ஒரு குரல் கேட்டது.

"அம்மா..."

எத்தனையோ பேய்ப் படம் பார்த்திருக்கிறேன். என் பிடரி மயிர் அப்படி நின்றதில்லை. மார்வா சுவரை இரண்டு கையாலும் அறைந்தார்.

"பின்னாடி வாங்க!" பெட்டினா ஓடினாள். நாங்கள் தொடர்ந்தோம். கறுப்புத் துணி தொங்கிய சந்தில், தரையோரமாக அந்தப் பலகைக் கதவு. வெளிப்பக்கம் இரும்புக் கொக்கி, இறுக மாட்டியிருந்தது.

நான் கோர்வினின் சட்டையைப் பிடித்தேன். "நீதானேடா மாட்டின?"

"இல்லண்ணே! நான் இந்தப் பக்கமே வரல!"

"அவனை விடு, டேரியோ," என்றார் ஒடெஸா. அவர் பார்வை பெட்டினாவின் மேல் இருந்தது. "அந்த நோட்டுல ஒன்பது மணிப் பக்கம் என்ன எழுதியிருக்கு?"

பெட்டினா நோட்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னாள். "எட்டு ஐம்பத்தெட்டு. பதினொன்றாம் அறைக்குப் பின்னாடி வெளிச்சக் கசிவு. பலகை மூடியாச்சு." குரல் தேய்ந்தது. "கதவு ஒரு ஜாண் திறந்திருந்துச்சு. உள்ள டார்ச் வெளிச்சம் தெரிஞ்சுது. எவனோ விளக்கை அணைக்காம போயிட்டான்னு நெனச்சேன். ஷோ நடக்கறப்ப ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. யாரா இருந்தாலும் மூடிடுவோம். யாரா இருந்தாலும்..."

கடத்தியவன் யாருமில்லை. நாங்கள் தேடிய வில்லன், தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரு கை.

"அதை அப்புறம் பேசலாம்," என்றார் ஒடெஸா. "மொதல்ல தெற."

ஜூனி இரண்டு சட்டங்களுக்கு நடுவே கால் சிக்கிக் கிடந்தாள். கதவு சாத்தியதும் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு இருட்டில் பாய்ந்து வந்து தடுக்கியிருக்கிறாள். கணுக்கால் வீங்கிக் கறுத்திருந்தது. உதடெல்லாம் வெடிப்பு. சுற்றிலும் ஒன்பது காலி டப்பாக்கள், சீசன் தொடங்கியதிலிருந்து பசங்கள் வெண்டலுக்கு வைத்தவை. அவைதான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தன.

"வெண்டலோடது எல்லாத்தையும் குடிச்சுட்டேன்," என்றாள் கோர்வினைப் பார்த்து. பிறகு மார்வாவின் முகத்தைத் தடவினாள். "நேத்து நீ வந்தேல்ல? கத்தினியே, எனக்குத் தெரிஞ்சுதும்மா. உன் குரல் எனக்குத் தெரியாதா? கூப்பிட்டேன்."

"கேட்டுச்சுடி," என்றார் மார்வா. "கேட்டுச்சு. மிஷின்னு நெனச்சு காதைப் பொத்திக்கிட்டேன்டி."

நான் வேறு பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பாஸும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் அழுக்கே இல்லை.

ஆம்புலன்ஸ் பயத்தெருவின் அந்தக் கோடி வரைதான் வர முடிந்தது. ஸ்ட்ரெச்சரைத் தெரு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மணி ஆறு முப்பத்தைந்து. வாசலைத் திறந்துவிட்டார்கள்.

புகைக்குள் கூட்டம் இரண்டு பக்கமும் விலகி நின்றது. ஃபோன்கள் உயர்ந்தன. கோர்வின் முன்னால் ஓடி வழி விலக்கினான். காக்கை முகம் கையில் தொங்க, கன்னத்தில் கண்ணீர் வழிய.

"உதட்டைப் பாரேன், வெடிச்ச மாதிரியே!" என்றாள் ஒருத்தி. "என்னா மேக்கப்டீ!"

"அந்தப் பையன் நிஜமாவே அழறான்யா!"

யாரோ கைதட்டினார்கள். தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது.

மார்வா நின்றார். திரும்பினார். "நிறுத்துங்க! இது வேஷமில்லை! இது என் பொண்ணு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

கைதட்டல் இரண்டு மடங்கானது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் ஜூனி அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "விடும்மா," என்றாள் மெதுவாக. "நான் சுவத்துல தட்டத் தட்ட, இவங்களும் தட்டிக்கிட்டேதான் இருந்தாங்க."